பெர்ச் மீனின் வாயும் தூண்டிலின் தேர்வும்

பெர்ச் மீன் பிடிக்கத் தூண்டில் கருவிகள் வாங்க முனைபவர் பெரும்பாலும் கோலை முதலில் தேர்ந்தெடுத்து, அதற்கேற்ற ரீலையும் நரம்பையும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் கடைசியாகவே முள்ளைப் பற்றி எண்ணுகிறார். கடைகளின் அடுக்குகளும் விலைப்பட்டியல்களும் அந்த வரிசையிலேயே அமைந்திருப்பதால் அது இயல்பான வழியாகவும் தோன்றுகிறது. ஆனால் அந்த மீனின் வாயமைப்பையும் அது இரையை உட்கொள்ளும் முறையையும் கூர்ந்து நோக்குபவர்க்கு இவ்வரிசை தலைகீழாக இருக்கவேண்டும் என்பது விளங்கும். மீனின் வாயைத் தொடுவது முள். அம்முள்ளை மீனுக்கு ஐயம் எழாதவாறு கொண்டு சேர்ப்பது, முள்ளையும் குண்டையும் தக்கையையும் நரம்பின் நுனியில் கோத்துக் கட்டிய அமைப்பு. அவ்வமைப்பின் எடைக்கும் நோக்கத்துக்கும் பொருந்துவதாக நரம்பும், நரம்பின் வலுவுக்குப் பொருந்துவதாகக் கோலும் அமையவேண்டும். நீருக்கடியிலிருந்து கைப்பிடியை நோக்கி நகரும் இந்தத் தேர்வுமுறையை, பெர்ச் பிடிப்பு நீண்டகாலமாக வேரூன்றியிருக்கும் இங்கிலாந்தின் ஆறுகளையும் கால்வாய்களையும் குளங்களையும் களமாகக் கொண்டு இங்கு ஆராயலாம்.

1758இல் லின்னேயஸ் ‘பெர்க்கா ஃபுளூவியாட்டிலிஸ்’ என்று அறிவியல் பெயரிட்ட இம்மீன் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும், கிழக்கே சைபீரியா வரையிலும் இயற்கையாக வாழ்கிறது; 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்களால் ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. இந்திய நீர்நிலைகளில் இதன் குடும்பத்தைச் சேர்ந்த மீன் எதுவும் இயற்கையாக இல்லை. நம் வயல்வாய்க்கால்களில் காணப்படும் பனையேறிக் கெண்டைக்கு ஆங்கிலத்தில் பெர்ச் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது முற்றிலும் வேறு குடும்பம். பச்சை படர்ந்த உடலில் மேலிருந்து கீழாக இறங்கும் கரும்பட்டைகள், சிவந்த கீழ்த்துடுப்புகள், இரண்டாகப் பிரிந்த முதுகுத்துடுப்பு, அவற்றுள் முன்னதில் கூரிய முட்கள் ஆகியன இதன் அடையாளங்கள். சிறு பருவத்தில் நுண்ணிய நீர்வாழ் உயிரினங்களையும் பூச்சிப் புழுக்களையும் தின்று, வளர வளர மீன்களைத் தின்னத் தொடங்கும் இது, தன் இனத்தின் குஞ்சுகளையும் விட்டுவைப்பதில்லை. இரண்டு பவுண்டு எடையுள்ள பெர்ச்சை நல்ல மீன் என்றும், மூன்று பவுண்டைக் கடந்ததை அரிய மீன் என்றும் ஆங்கிலேயத் தூண்டிற்காரர்கள் மதிக்கின்றனர். 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் பதிவான பிரிட்டிஷ் உச்ச எடையே 6 பவுண்டு 3 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 2.8 கிலோகிராம்தான். ஆகவே இம்மீனுக்கான கருவிகளில் முரட்டு வலு முதன்மையான தேவை அன்று.

தேவை எது என்பதை வாய் சொல்கிறது. பெர்ச்சின் வாய் உடலளவுக்குப் பெரியது; தாடைகளை முன்னோக்கி நீட்டி, வாயைச் சட்டெனத் திறந்து, நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிக்கொள்வது அதன் வழக்கம். பற்கள் தூரிகை மயிர்போலச் சிறியனவாக இருப்பதால் நரம்பை அறுக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. தாடையெலும்பு உறுதியானதெனினும் அதனைச் சூழ்ந்து, வாய் விரியும்போது மடிப்புப் பிரிந்து நீளும் சவ்வு மிக மெல்லியது. முள் அச்சவ்வில் பதிந்த நிலையில் விறைப்பான கோலால் வலித்திழுத்தால் துளை கிழிந்து அகல, மீன் தலையை ஆட்டும் அடுத்த கணத்தில் முள் நழுவிவிடுகிறது. 1653இல் வெளியான தூண்டில் நூலில் ஐசக் வால்டன் இம்மீனின் துணிச்சலைச் சிறப்பித்துப் பேசுவது சிறிய பெர்ச்சுகளைப் பொறுத்தமட்டில் இன்றும் உண்மை. கூட்டமாகத் திரியும் அவை ஒன்றையொன்று முந்திக்கொண்டு இரையைக் கவ்வும். வயது முதிர்ந்த பெரிய பெர்ச்சோ வேறு இயல்புடையது. இரையை வாயிலெடுத்த பின்னர் நரம்பின் இழுவையையோ குண்டின் எடையையோ உணர்ந்தால் அதனைத் துப்பிவிட்டு நகர்கிறது. எதையும் உணராவிட்டால் அதே வேகத்தில் தொண்டைக்குள் விழுங்கிவிடுகிறது.

இவ்விரு இயல்புகளும் தூண்டிற்காரரை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன என்பதே பெர்ச் பிடிப்பின் மையச் சிக்கல். தடை மிகுந்தால் மீன் தப்புகிறது. தடையே இல்லாமல், கடித்த செய்தியும் கைக்கு எட்டாமல் போனால் முள் செவுளுக்கருகே இறங்கி மீன் சாகிறது. இங்கிலாந்தின் ஆறுகளில் பெர்ச் உள்ளிட்ட பல உள்ளூர் மீனினங்களில் 20 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு மீன்களை மட்டுமே, அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கையில், எடுத்துச்செல்ல விதிகள் இடமளிப்பதால், பிடிபடும் பெரிய பெர்ச் உயிரோடு நீருக்குத் திரும்பியாகவேண்டும். விதியைக் கடந்த காரணமும் உண்டு. 1976இல் விண்டர்மியர் ஏரியில் பரவிய நோயினால் அங்கிருந்த முதிர்ந்த பெர்ச்சுகளில் நூற்றுக்கு 98 அளவுக்கு மடிந்தன. அக்காலத்தில் புண்ணோயால் நாட்டின் வேறு பல நீர்நிலைகளும் இம்மீனை இழந்து, மீண்டும் பெரிய பெர்ச்சுகள் பரவலாகத் தென்பட நெடுங்காலம் பிடித்தது. எனவே கடித்ததை உடனே காட்டுவதும், அதேவேளையில் மீனுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளாததுமான தூண்டிலே நல்ல தூண்டில் என்பதை அளவுகோலாகக் கொண்டே இனிவரும் ஒவ்வொரு தேர்வையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

முள்ளின் அளவைக் குறிக்கும் எண்கள் புதியவரைக் குழப்பக்கூடியவை. எண் ஏற ஏற முள் சிறியதாகும். ஒன்றுக்கு மேற்பட்ட பெரிய அளவுகள் ஒன்றின் கீழ் சுழி, இரண்டின் கீழ் சுழி என்று வேறொரு வரிசையில் ஏறிச்செல்லும். ஈரமான இரவுகளில் புல்தரைகளில் வெளிவரும் பெரிய மண்புழுவே பெர்ச்சுக்குத் தொன்றுதொட்டு வரும் இரை. அதற்கு 4 அல்லது 6ஆம் எண், வாயகன்ற வடிவம் கொண்ட முள் பொருந்தும். மிகச் சிறிய முள் மீனுக்கு இரக்கம் காட்டுவதாகத் தோன்றினாலும் உண்மையில் தொண்டைக்குள் எளிதாக இறங்கிவிடுவது அதுவே. அன்றியும் பருத்த மண்புழுவால் அதன் நுனி மூடப்பட்டுச் சுண்டும்போது பதியாமலும் போகும். எதிர்முள் இல்லாத, அல்லது எதிர்முள்ளைக் குறடால் அழுத்தி மழுக்கிய முள்ளைப் பயன்படுத்துவதே முறை. அவ்வாறு செய்தால் நெளியும் மண்புழு கழன்றுவிடும் என்ற தயக்கத்துக்கு, இரையைக் கோத்தபின் முள்நுனியில் ஒரு சிறு ரப்பர்த் துண்டைச் செருகுவது போதிய தீர்வாக இருக்கிறது. உட்புறம் பதிந்த முள்ளைக் கழற்ற நீண்ட மூக்குடைய கவ்வி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். அது இல்லாமல் பெர்ச் பிடிக்கப் போவது பொறுப்பற்ற செயல்.

மண்புழுவுக்கு அடுத்து, உரித்த பச்சை இறால் அண்மைக்கால ஆங்கிலேயத் தூண்டிற்காரர்களிடம் பெரும் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. ஈப்புழுக்களைச் சிறிது சிறிதாக நீரில் தூவினால் முதலில் சிறு மீன்களும் அவற்றைத் தேடிப் பெர்ச்சும் வந்துசேரும். அடியில் பாசியும் சேறும் மண்டிய இடங்களில் மண்புழுவின் வாற்பகுதியில் சிறு ஊசியால் காற்றைச் செலுத்தி, அது அடித்தளத்திலிருந்து சற்றே எழும்பி நிற்குமாறு செய்வர். சிறு மீனை இரையாக்க விரும்புபவர் அம்மீனை அதே நீர்நிலையில்தான் பிடித்திருக்கவேண்டும் என்ற விதியும் உண்டு. நோய்கள் ஒரு நீரிலிருந்து மற்றொன்றுக்குப் பரவாமல் தடுப்பது அதன் நோக்கம்.

முள்ளையும் குண்டையும் தக்கையையும் இணைக்கும் அமைப்பை ‘கட்டு’ என்று இங்கு குறிப்பிடலாம். தக்கைக் கட்டு அவற்றுள் எளியது. கரையோர நாணல்களுக்கும் கால்வாய்ப் படகுகளின் நிழலுக்கும் அருகே, பெர்ச் பதுங்கும் ஆழம் குறைந்த இடங்களில் அதைவிடச் சிறந்தது இல்லை என்று துணிந்து சொல்லலாம். ஆனால் தக்கையைத் தேர்ந்தெடுப்பதில் பலர் தவறுகின்றனர். பருத்த தக்கையை மீன் நீருக்குள் இழுக்கும்போது அது மிதந்தெழ முயலும் விசை முழுவதும் மீனின் வாயில் தடையாக உணரப்படுகிறது. ஆகவே மெலிந்த தக்கையைக் கொண்டு, நரம்பில் போதிய சிறு குண்டுகளைப் பதித்து, நீர்மட்டத்துக்கு மேல் அதன் நுனி மட்டும் தெரியுமாறு அமைக்கவேண்டும். அந்நிலையில் தக்கையை அமிழ்த்த மிகச் சிறிய விசையே போதும். நீரின் ஆழம் கோலின் நீளத்தைவிட மிகுமானால், தக்கையை நரம்பில் இறுக்காமல் வழுகவிட்டு, வேண்டிய ஆழத்தில் ஒரு நூல்முடிச்சால் தடுத்து நிறுத்தும் ஓடுதக்கைக் கட்டு கைகொடுக்கும்.

தொலைவிலும் ஆழத்திலும் நிற்கும் மீனுக்குத் தக்கை பயன்படாதபோது, குண்டினால் இரையை அடித்தளத்தில் இருத்தும் கட்டுகள் தேவைப்படுகின்றன. இவ்வகையின் வரலாற்றில் பெர்ச்சுக்குத் தனி இடம் உண்டு. 1952இல் 44 பவுண்டு எடையுள்ள கெண்டையைப் பிடித்துப் புகழ்பெற்றவரும், ஆங்கிலேயத் தூண்டில் கலையை ஆய்வுநோக்கோடு அணுகியவருமான ரிச்சர்ட் வாக்கர், பெட்ஃபர்ட்ஷயரில் உள்ள ஆர்ல்சி ஏரியின் ஆழமான நீரில் வாழ்ந்த பெரிய பெர்ச்சுகளைப் பிடிப்பதற்காக 1950களில் ஒரு குண்டை வடிவமைத்தார். அதுவரை வழக்கிலிருந்த, நடுவில் துளையிட்டு நரம்பைக் கோத்த குண்டுகள் வீசும்போது சுழன்று நரம்பை முறுக்கின. துளைக்குள் உராயும் நரம்பு, மீன் இழுக்கும்போது தடையையும் உண்டாக்கியது. வாக்கரின் குண்டு ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் குறுகியும் அமைந்து, குறுகிய முனையில் தானே சுழலக்கூடிய வளையம் பதிக்கப்பட்டிருந்தது. பருத்த முனை முன்செல்லத் தடுமாறாமல் நெடுந்தொலைவு பறந்ததோடு, சுழல்வளையத்தின் வழியாக நரம்பு தடையின்றி ஓடியமையால் மீன் குண்டின் எடையை உணரவும் இல்லை. ஆர்ல்சி குண்டு என்ற பெயரில் அது இன்று எல்லா மீன்களுக்கும் பயன்பட்டாலும், ஒரு மீனின் கூச்சத்தைப் புரிந்துகொண்டதன் விளைவாகப் பிறந்த கருவி அது என்பதை நினைவிற்கொள்வது, கட்டுகளின் உள்நோக்கத்தை அறிய உதவும்.

இவ்வகைக் கட்டுகளில் பெரிதும் போற்றப்படுவது ஓடு பேட்டர்னாஸ்டர். முதன்மை நரம்பில் ஒரு சுழல்வளையத்தை வழுகவிட்டு, அதிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள தனி இழையில் குண்டைத் தொங்கவிட்டு, வளையத்துக்குக் கீழே ஒரு மணியும் இணைப்பு வளையமும் வைத்து, அங்கிருந்து 45 முதல் 60 சென்டிமீட்டர் நீளத்தில் முள்ளிழையைக் கட்டுவதே அதன் அமைப்பு. குண்டு சேற்றில் புதைந்தாலும் நரம்பு சேற்றுக்கு மேலே தடையின்றி ஓடுவது இதன் சிறப்பு. குண்டு தொங்கும் இழையை முதன்மை நரம்பைவிட வலுக்குறைந்ததாகத் தேர்வது கட்டாயம். குண்டு கற்களிலோ வேர்களிலோ சிக்கினால் அந்த இழை மட்டும் அறுந்து, மீன் முள்ளோடும் நெடிய நரம்போடும் சிறைப்படாமல் மீளும். கரையில் கோலைத் தாங்கியில் வைத்திருப்பவர், மிக எடைகுறைந்த கடிகாட்டி ஒன்றை நரம்பில் தொங்கவிட்டு, ரீலின் கம்பிவளையத்தைத் திறந்துவைத்து, நரம்பு தாராளமாக வெளியேறுமாறு செய்வர். ஆனால் இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டுக் கோலைவிட்டு எழுந்துபோவது பெருந்தவறு. கடிகாட்டி உறுதியாக நகரத் தொடங்கியதுமே நரம்பை இறுக்கிச் சுண்டவேண்டும். காத்திருந்தால் பிடிநிச்சயம் கூடும் என்பது உண்மையாயினும் அந்த நிச்சயத்தின் விலையை மீனின் தொண்டை கொடுக்கிறது.

குண்டு எந்த உலோகத்தால் ஆனது என்பதும் தேர்வில் அடங்கும். கரையில் சிதறிய ஈயக்குண்டுகளைச் செரிமானத்துக்கான சரளைக்கற்களோடு விழுங்கிய அன்னங்கள் நஞ்சேறி இறந்ததால், 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட எடையுள்ள ஈயக்குண்டுகளின் விற்பனை பிரிட்டனில் 1987 முதல் தடைசெய்யப்பட்டது. பெர்ச் பிடிப்புக்கு வேண்டிய குண்டுகள் ஏறத்தாழ முழுவதும் இவ்வெல்லைக்குள் அடங்குவதால் எஃகு, பிஸ்மத், டங்ஸ்டன் முதலிய மாற்றுகளே இன்று வழக்கில் உள்ளன. இவற்றுள் டங்ஸ்டன் விலை மிக்கதெனினும், அதன் அடர்த்தி ஈயத்தின் அடர்த்தியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்டது. அதே எடைக்கு அளவில் சிறுத்து, அடித்தளம் சேறா சரளையா என்பதைக் கைக்குத் தெளிவாக உணர்த்துவதால், போலி இரை பயன்படுத்துபவர்க்கு அந்தச் செலவு தகும்.

போலி இரை என்பது ரப்பராலோ உலோகத்தாலோ மீன் அல்லது புழுவின் வடிவில் செய்யப்பட்டு, தூண்டிற்காரரின் கையசைவால் உயிருள்ளதுபோல் நடமாடுவது. அதற்குரிய கட்டுகளில் கால்வாய்களுக்கும் ஆற்றுப்படித்துறைகளுக்கும் மிகப் பொருந்துவது, வழக்கமான வரிசையை மாற்றி, குண்டை நரம்பின் நுனியிலும் முள்ளை அதற்கு 20 முதல் 60 சென்டிமீட்டர் மேலேயும் கட்டும் ‘டிராப் ஷாட்’ கட்டு. குண்டு தரையில் நிலைத்திருக்க, நரம்பைச் சற்றே தளர்த்தியும் இறுக்கியும் நடுக்கினால், முள்ளில் கோத்த 5 முதல் 8 சென்டிமீட்டர் ரப்பர் மீன் ஒரே இடத்தில் நின்று துடிக்கும்; தப்பியோடாத இரையாகையால் தயங்கி நிற்கும் பெர்ச்சையும் அது ஈர்க்கிறது. பாலோமார் முடிச்சால் முள்ளைக் கட்டி, எஞ்சிய நரம்பை முள்ளின் துளைவழியே மீண்டும் மேலிருந்து கீழாகச் செலுத்தினால் முள் நரம்புக்குச் செங்குத்தாக, நுனி மேல்நோக்கி நிற்கும். அந்நிலை குலைந்தால் இக்கட்டின் பயனில் பாதி போய்விடும். மீன் கவ்வும்போது குண்டின் முழு எடையையும் தூக்கவேண்டியதில்லை என்பதால், தடை குறைவாக இருக்கவேண்டும் என்ற வாக்கரின் நோக்கம் வேறொரு வழியில் இங்கும் நிறைவேறுகிறது.

முள்ளின் கழுத்திலேயே குண்டை வார்த்த ‘ஜிக்’ தலை எளிமையானது. அதில் ரப்பர் மீனைச் செருகி, அடித்தளம் வரை இறங்கவிட்டுச் சிறு தாவல்களாக இழுத்துவருவர். அதன் எடையே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள கால்வாய்க்கு 2 அல்லது 3 கிராமும், மூன்று நான்கு மீட்டர் ஆழமுள்ள நிலைநீருக்கு 5 முதல் 7 கிராமும் தொடக்க அளவுகளாகலாம். பெர்ச் பெரும்பாலும் இரை இறங்கும்போதே கவ்வுவதால், தரையைத் தொட்டதை உணரமுடிகிற மிகக் குறைந்த எடையே சரியான எடை. குளிர்காலத்தில் மீன் சோர்ந்திருக்கும்போது எடையை மேலும் குறைத்து இறக்கத்தை மெதுவாக்கவேண்டும். மூழ்கிய மரங்களும் கிளைகளும் நிறைந்த இடங்களில் முள்நுனியை ரப்பருக்குள் மறைத்து, நரம்பில் வழுகும் கூம்புக் குண்டை முன்னே விடும் டெக்சாஸ் கட்டு சிக்காமல் நழுவிவரும். இழுக்கும்போது தகடு சுழன்று மின்னும் ‘ஸ்பின்னர்’ வகைகள் பழமையானவை. 1938இல் பிரான்சில் தொடங்கிய மெப்ஸ் நிறுவனத்தின் சிறு ஸ்பின்னர்கள் பெர்ச்சுக்கு இன்றும் பயன்படுகின்றன, ஆயினும் சுழல்வளையம் இல்லாமல் கட்டினால் அவை நரம்பை முறுக்கிவிடும்.

இவ்வளவு நுட்பத்தையும் குலைக்கக்கூடிய ஒரு சூழ்நிலை உண்டு. பெர்ச் வாழும் நீரில் பெரும்பாலும் பைக் என்ற பெரிய கொன்றுண்ணி மீனும் வாழ்கிறது; போலி இரையையும் சிறு மீனையும் அது தயங்காமல் கவ்வும். அதன் கூரிய பற்கள் பெர்ச்சுக்கென்று கட்டிய மெல்லிய நரம்பை எளிதில் அறுத்துவிட, முள்ளும் ரப்பரும் வாயில் சிக்கிய நிலையில் பைக் போய்விடுகிறது. இதனைத் தடுக்க முள்ளுக்கு மேலே மெல்லிய உலோகக்கம்பி இணைக்கவேண்டும். ஆனால் கம்பியின் விறைப்பு இரையின் நடமாட்டத்தைக் கெடுத்து, பெர்ச்சின் கடிகளைக் குறைக்கிறது. அடுத்து விளக்கப்படும் ஃபுளோரோகார்பன் என்ற நரம்பு வகையில் தடித்ததே போதும் என்று வாதிடுபவர்கள் உண்டு. பெர்ச்சுக்கு ஏற்ற தடிமனில் அது பைக்கின் பற்களுக்கு ஈடுகொடுக்காது என்பதால் அந்த வாதம் ஏற்கத்தக்கதன்று. பல நுண்கம்பிகளை முறுக்கிய மென்மையான எஃகு இழை அல்லது டைட்டானியம் இழை 15 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்தில் கிடைக்கிறது. பைக் மிகுந்த நீரில் அதைக் கட்டி, சில பெர்ச்சுகளை இழப்பதே நேர்மையான வழி. அவ்வாறு இழக்க மனமில்லாதவர் போலி இரையை விடுத்து மண்புழுவைத் தேர்ந்தால் பைக் கவ்வும் வாய்ப்பு பெரிதும் குறையும். முற்றிலும் நீங்கிவிடும் என்று சொல்வதற்கில்லை.

நரம்பு மூன்று வகைப்படும். தமிழ்நாட்டு, ஈழக் கடற்கரைகளில் தங்கூசி என்று வழங்கும் நைலான் ஒற்றையிழை அவற்றுள் முதலாவது. 1935இல் அமெரிக்க டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் உருவாக்கிய நைலான், இரண்டாம் உலகப்போருக்குப் பின் பட்டு நரம்புகளைத் தூண்டிலிலிருந்து வெளியேற்றியது. அது இழுத்தால் நீண்டு கொடுக்கும், முடிச்சுகளை நன்கு தாங்கும், விலையும் குறைவு. இரண்டாவதாகிய ஃபுளோரோகார்பன் நைலானைவிட அடர்த்தி மிக்கது, ஆகவே விரைந்து மூழ்கும். ஒளி அதனுள் முறியும் அளவைக் குறிக்கும் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.42 ஆகவும், நீருக்கு அது 1.33 ஆகவும், நைலானுக்கு 1.5ஐ ஒட்டியும் இருப்பதால், தெளிந்த நீரில் ஃபுளோரோகார்பன் கண்ணுக்குக் குறைவாகவே தெரியும், உராய்வையும் தாங்கும். மூன்றாவது, மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட பாலிஎத்திலீன் இழைகள் பலவற்றை ஒன்றாகப் பின்னிய பின்னல் நரம்பு. அதே வலுவுக்கு நைலானைவிடப் பன்மடங்கு மெல்லியதாகவும், ஏறத்தாழ நீளாததாகவும், நீரில் மிதப்பதாகவும் உள்ள அது, தொலைவில் மீன் தொட்ட சிறு அசைவையும் விரலுக்குக் கொண்டுவரும். கல்லில் உராய்ந்தால் மட்டும் விரைவில் அறுந்துவிடும்.

எவ்வகை உயர்ந்தது என்று கேட்பதைவிட எந்தக் கட்டுக்கு எது என்று கேட்பதே பயன்தரும். தக்கைக் கட்டுக்கும் அடித்தளக் கட்டுகளுக்கும் 4 முதல் 6 பவுண்டு வலுவுள்ள நைலானே போதுமானது. அதன் நீட்சி, மெல்லிய சவ்வில் பதிந்த முள் கிழித்துவிடாமல் காக்கும் மறைமுகமான துணை. முள்ளிழையை முதன்மை நரம்பைவிடச் சிறிது வலுக்குறைவாகக் கட்டினால், அறுகின்ற வேளையில் முள்ளுக்கு அருகிலேயே அறும். போலி இரைக்குப் பின்னல் நரம்பு சிறந்தது. ஜப்பானியர் வகுத்த ‘பி.ஈ.’ அளவுமுறையில் 0.4 முதல் 0.8 வரையுள்ளவை பெர்ச்சுக்குப் பொருந்துகின்றன. பெட்டியின்மேல் மில்லிமீட்டரில் அச்சிடப்பட்ட விட்டங்கள் எப்போதும் நம்பத்தக்கவை அல்ல. பின்னல் நரம்பின் நுனியில் ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை 5 அல்லது 6 பவுண்டு ஃபுளோரோகார்பனை இணைத்தால், கண்ணுக்குப் புலப்படாமையும் உராய்வைத் தாங்கும் தன்மையும் மீனுக்கருகில் கிடைக்கும். ஆனால் பின்னல் நரம்பு நீளாதது என்பதால், நைலான் ஆற்றிய தாங்கும் பணி முழுவதும் இப்போது கோலின்மேல் விழுகிறது. கோலைக் கடைசியில் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதற்கு இதுவே வலுவான காரணம்.

இயற்கை இரைக்கான கோல்களை ஆங்கிலேயர்கள் வளைவுச்சோதனை என்ற அளவால் வகைப்படுத்துகின்றனர். கோலின் அடிப்பகுதியை நிலையாகப் பிடித்துக்கொண்டு நுனியில் எடையை ஏற்றிக்கொண்டே போனால், நுனி அடிப்பகுதிக்குச் செங்குத்தாக வளையும்போது தொங்கும் எடையே அந்த அளவு. அதனைப் பவுண்டில் கணக்கிட்டு ஐந்தால் பெருக்கினால் அக்கோலுக்கு ஏற்ற நரம்பின் வலு கிடைக்கும் என்பது வாக்கரின் காலந்தொட்டு வழங்கும் வாய்பாடு. ஒன்றேகால் பவுண்டு வளைவுச்சோதனை கொண்ட, 11 அல்லது 12 அடி நீளமுள்ள கோலுக்கு இவ்வாறு ஏறத்தாழ 6 பவுண்டு நரம்பு பொருந்தும். அடித்தளக் கட்டுகளுக்கு இவ்விணையைவிடச் சிறந்ததைத் தேடி அலையவேண்டியதில்லை. தக்கைக் கட்டுக்கு இதனினும் மெலிந்த, 13 அடி வரை நீளமுள்ள கோல், நரம்பை நீரிலிருந்து தூக்கிப்பிடிக்க உதவும். கெண்டைமீனுக்கென்று செய்த இரண்டரை, மூன்று பவுண்டுக் கோல்களை ‘எல்லாவற்றுக்கும் ஆகும்’ என்று பெர்ச்சுக்குப் பயன்படுத்துவது வருந்தத்தக்கது. அவை வளைவதற்கு முன்னரே சவ்வு கிழிந்துவிடுகிறது.

போலி இரைக் கோல்களில் எறிந்துவீசத்தக்க எடையின் எல்லை கிராமில் குறிக்கப்பட்டிருக்கும். குண்டும் ரப்பரும் சேர்ந்த எடை அவ்வெல்லையின் நடுவே அமையவேண்டும் என்பதால், மேலே கூறிய ஜிக் தலைகளுக்கு 2 முதல் 12 கிராம் வரை எழுதப்பட்ட, ஆறரை முதல் ஏழரை அடி நீளமுள்ள கோல் ஏற்றது. வளையும் பாங்கும் எடைக்கு ஈடாக முக்கியம்: நுனிப்பகுதி மட்டும் வளைவதை விரைவு வகை என்றும், அடிவரை வளைவதை முழுவளைவு வகை என்றும் கூறுவர். முள் பதிய விரைவும், பதிந்த முள்ளைக் காக்க நெகிழ்வும் வேண்டியிருப்பதால், நடுப்பகுதி உறுதியாகவும் நுனி மிக மென்மையாகவும் உள்ள கோலே பெர்ச்சுக்கு உகந்தது; உள்ளீடற்ற குழாய்க்கு மாறாகத் திண்மையான நார்களால் செய்த நுனி கொண்டவை இப்பணிக்கென்றே விற்கப்படுகின்றன. பிளந்த மூங்கிலை ஒட்டிச் செய்த கோல்களின் இடத்தைக் கண்ணாடியிழையும், 1960களில் ஃபார்ன்பரோவின் அரச விமான ஆய்வகத்தில் உருவான கரிமஇழையை அடிப்படையாகக் கொண்டவையும் அடுத்தடுத்துப் பிடித்துக்கொண்டன. கரிமஇழையின் விறைப்பு உயர உயரக் கோலின் எடை குறைந்து விலை ஏறுகிறது. அந்த விறைப்பு பெர்ச்சுக்கு வேண்டிய குணம் அன்று என்பதால், நடுத்தர விலைக் கோல் பல வேளைகளில் உயர்விலைக் கோலைவிட நன்றாகப் பணியாற்றும்.

ரீலைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. ஆல்ஃபிரட் இல்லிங்வர்த் என்ற ஆங்கிலேய நெசவாலை உரிமையாளர் 1905இல் காப்புரிமை பெற்ற, நூற்கண்டு சுழலாமல் நரம்பு அதன் முனைவழியே நழுவும் நிலைக்கண்டு ரீலின் வழிவந்தவையே இன்றைய ரீல்கள். போலி இரைக்கு 1000 அல்லது 2000, தக்கைக்கும் அடித்தளக் கட்டுக்கும் 2500 என்ற அளவெண்கள் போதும். கவனம் தேவைப்படுவது தடையமைப்பில்: மீன் வலித்து இழுக்கும்போது நரம்பு எவ்வளவு விசையில் நழுவவேண்டும் என்பதை நரம்பு வலுவின் கால்பங்கு அளவில் அமைத்து, அந்நழுவல் முதல் அசைவிலேயே திக்காமல் தொடங்குகிறதா என்று கையால் இழுத்துப்பார்த்த பிறகே ரீலை வாங்கவேண்டும். பெர்ச்சின் தலையாட்டல் சிறு சிறு உலுக்கல்களாக வருவதால், திக்கித்திக்கி நழுவும் தடை ஒவ்வொரு உலுக்கலிலும் முள்துளையை அகலப்படுத்தும்.

கருவியின் தேர்வால் தீர்க்கமுடியாத ஓர் எல்லையும் உண்டு. பெர்ச்சின் நீந்துபைக்கும் உணவுக்குழலுக்கும் இடையே திறந்த வழி இல்லாததால், அப்பையிலுள்ள காற்றை அதனால் விரைந்து வெளியேற்ற இயலாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் இருமடங்கு. அங்கிருந்து மேலே கொண்டுவரப்படும் மீனின் நீந்துபை ஏறத்தாழ இருமடங்காக உப்பி, உள்ளுறுப்புகளை நசுக்கி, விடுவித்த பின்னும் கீழே செல்லமுடியாமல் மீன் மிதக்கும். ஆழமான நீர்த்தேக்கங்களிலும் ஏரிகளிலும் படகிலிருந்து நேர்கீழாக இரையை இறக்கிப் பிடிக்கும் முறை குளிர்காலத்தில் பெரும் பயன் தருவதால் இத்தீங்கு அங்கேதான் மிகுதியாக நேர்கிறது. படகில் ஒலியலைக் கருவி வைத்திருப்பவர்க்கு ஆழம் திரையிலேயே தெரியும். அது இல்லாதவர் மீட்டர்தோறும் நிறம் மாறும் பின்னல் நரம்பை ரீலில் சுற்றிக்கொண்டால், இரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை எண்ணி அறிந்து, பத்து மீட்டரை எட்டுவதற்கு முன்னரே ரீலை மூடிவிடலாம்.